குட்டிக் காருக்கு சீட்டு உறை

கொலுவுக்கு மரப்பாச்சி அலங்காரம் செய்து பழகிய கை உங்களுடையது என்றால், இந்த இதழ் விஷயத்தில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் புடவையில் மிஞ்சிய துண்டை எடுத்து மரப்பாச்சிக்குச் சுற்றுவோம். பட்டும் அசல், ஜரிகையும் அசல். ஆனாலும் ஒரு சாண் பொம்மைக்கு நாலு விரல்கடைக் கரை! ஜமக்காளத்தைப் போர்த்திக் கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். துணியில் குற்றமில்லை. பொம்மை சின்னது, துணி பெரியவர்களுக்கு நெய்தது. அவ்வளவுதான்.

மரப்பாச்சியை யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை, போகட்டும். மாடல் கார் அப்படி இல்லை. ஷோகேஸில் நிற்கிற ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளியே வண்ணம், விளக்கு, பம்பர், நம்பர் பிளேட் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாலோ மொட்டைக் கறுப்பு பிளாஸ்டிக். இதைச் சேர்க்கிற பிள்ளைகளும் சரி, நரைத்த தலைக்காரர்களும் சரி, வெளிப்பூச்சுக்கு ஒரு மாதம் மெனக்கெடுவார்கள். உள்ளே வந்ததும் கை ஓய்ந்து விடும். உறை வெட்டுவது, பைப்பிங் வைப்பது, திரைக்கு மடிப்பு எடுப்பது எல்லாம் நம் கைக்குப் பழகிய வேலை. பெண்கள் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

தென் மாவட்டத்துச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம்தான் இதை எடுக்க வைத்தது. அவர் வீட்டுக்காரர் முப்பது வருஷம் டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டியவர். 2016-ல் வண்டி காயலான் கடைக்குப் போய் விட்டது. அந்த வண்டிக்கு சீட்டு உறை தைத்தது இந்த அம்மாவேதான். மரூன் வெல்வெட், ஓரமெல்லாம் க்ரீம் கலர் பைப்பிங், பின் ஜன்னல்களுக்கு லேஸ் வைத்த திரை. இப்போது பிள்ளை அதே போல ஒரு வெள்ளை அம்பாசிடர் மாடல் வாங்கி வந்திருக்கிறான். ஏழு அங்குல நீளம். டிரங்குப் பெட்டியில் அந்த மரூன் வெல்வெட்டில் ஒரு முழம் மிச்சம் இருக்கிறதாம். அதிலிருந்தே வெட்டி ஒட்டியிருக்கிறார். சோபா மாதிரி பொம்மென்று நிற்கிறது, வண்டி மாதிரி இல்லை என்கிறார். வேறு துணி போடவும் மனசு வரவில்லை. இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: சர்க்கரையால் வீட்டுக்காரருக்குப் பார்வை ரொம்ப மங்கி விட்டது, எதையும் விரலால் தடவித்தான் பார்க்கிறாராம்.

ஆக, இந்தக் கார் கண்ணுக்கும் சரியாக இருக்க வேண்டும், விரலுக்கும் சரியாக இருக்க வேண்டும். கண்ணுக்கு எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுக்க வேண்டும். விரலோ சிறுப்பதில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன், இரண்டுக்கும் ஒரே வழி இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

அம்பாசிடரின் நீளம் சுமார் 14 அடி. மாடல் 7 அங்குலம். அப்படியானால் அசலில் ஓர் அடி என்பது மாடலில் அரை அங்குலம். 24-ல் ஒரு பங்கு. மாடல்காரர்கள் 1:24 என்று எழுதுவது இதைத்தான். நம் தையல் டேப்பே போதும், வேறு கருவி வேண்டாம். (1:12 என்றால் அடிக்கு ஓர் அங்குலம். இங்கிலாந்தில் ராணி மேரிக்காக 1921-லிருந்து 1924 வரை கட்டிய பொம்மை வீடு இந்த அளவுதான். அதைத் திட்டமிட்டவர் புது டில்லியை வடிவமைத்த லுட்யன்ஸ். அந்த வீட்டுக்கு ஷெட்டும் உண்டு, ஷெட்டில் கார்களும் உண்டு. பெரியவர்கள் விளையாட்டு என்று சிரிக்கிறவர்களுக்காகச் சொன்னேன்.)

இப்போது இந்தக் கணக்கை வெல்வெட்டுக்குப் போடுங்கள். அதன் மேலே நிற்கிற மயிர் 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 24-ஆல் பெருக்கினால் 48. அதாவது கிட்டத்தட்ட இரண்டு அங்குல உயரப் புல்! பொம்மென்று நிற்காமல் என்ன செய்யும்? சரி, மெல்லிய மல் துணி? 100-ஆம் நம்பர் நூல் தலைமயிர் கனம்தான், சுமார் 0.1 மில்லிமீட்டர். 24 மடங்கு என்றால் 2.4. அது சணல் சாக்கின் இழை. பழைய மணிபர்ஸைப் பிரித்துத் தோல் சீட்டு செய்யலாமே என்று யாருக்காவது தோன்றும். அரை மில்லிமீட்டர் தோல் இங்கே அரை அங்குலப் பலகை ஆகிவிடும். தையல் போடவும் வேண்டாம். மிஷின் தையல் ஒன்று இரண்டரை மில்லிமீட்டர், அசலில் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு தையல் போட்ட மாதிரி ஆகும். கோணிப்பை தைக்கிற கணக்கு!

சின்ன அளவில் அசல் துணி பொய்யாகத் தெரியும் என்பது இதனால்தான். அதற்காக அந்த அம்மாவின் வெல்வெட்டைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. துணியாகப் போட்டால்தான் பிரச்சினை. அதன் மயிரை மட்டும் எடுத்துப் பொடியாகப் போட்டால்?

வெல்வெட்டில் கைக்குட்டையின் கால் பங்கு அளவு வெட்டிக் கொள்ளுங்கள். முன் சீட்டு, பின் சீட்டு, சாய்மானம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஒரு பலகையில் நான்கு மூலையும் இழுத்துக் குண்டூசி குத்தி, சவரம் செய்கிற ரேஸரால் மயிர் படிந்திருக்கிற திசைக்கு எதிராக மெல்ல வழியுங்கள். அடியில் வெள்ளைத் தாள் விரித்திருக்கட்டும். மரூன் பஞ்சாக உதிரும். அதைக் குவித்து, கூரான சின்னக் கத்தரிக்கோலால் பூண்டு நறுக்குகிற மாதிரி திரும்பத் திரும்ப நறுக்க வேண்டும். டீ வடிகட்டியில் முதலில் சலியுங்கள். பிறகு மருந்துப் பொடிக்குச் செய்கிற மாதிரி மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்யுங்கள். கடைசியில் கீழே விழுகிற நைஸ் பொடிதான் நமக்கு வேண்டியது. ஒரு டீஸ்பூன் வந்தால் போதும். பொறுமை வேண்டிய வேலை, ஒரு மத்தியானம் போய்விடும். வெளிநாட்டில் இந்த மாதிரிப் பொடியைச் சின்னச் சின்ன பாட்டில்களில் மாடல்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். ஆனால் தான் தைத்த உறையின் பொடி எந்தக் கடையில் கிடைக்கும்?

சீட்டுக்கு முதலில் மரூன் அக்ரிலிக் வண்ணம் பூசிக் காயவிடுங்கள். இதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பொடி எங்காவது விட்டுப் போனால் அடியில் கறுப்பு பல்லை இளிக்கும். காய்ந்த பிறகு ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டு வந்து, ஒரு சீட்டுக்கு மட்டும் தூரிகையால் தடவுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சமயம் தடவினால் கடைசிக்குப் போவதற்குள் முதலாவது காய்ந்து விடும். உடனே பொடியைத் துணி வழியாகத் தூவி, சீட்டின் அடிப்பக்கம் விரலால் தட்டுங்கள். தட்டத் தட்ட இழைகள் எழுந்து நிற்கும். தொழிற்சாலைகளில் இதற்கு அதிக வோல்டேஜ் மின்சாரம் வைத்து இழைகளை நிமிர்த்துகிறார்கள். நமக்குச் சுண்டுவிரல் போதும். ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, காலையில் மெல்லிய தூரிகையால் உபரியைத் தள்ளிச் சேமித்துக் கொள்ளுங்கள். தொட்டுப் பாருங்கள், விரலுக்கு வெல்வெட்! எட்ட நின்று பாருங்கள், கண்ணுக்கும் வெல்வெட்.

பொடி வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக் கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கிற அறையில் இந்த வேலையே வேண்டாம். தூங்குகிற நேரம்தானே என்று தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விடாதீர்கள். அந்தச் சின்ன மூச்சுக்குழலுக்கு இந்தத் தூசி ஆகாது.

அடுத்தது பைப்பிங். சாதாரணத் தையல் நூல் கால் மில்லிமீட்டர் கனம். கணக்கைப் போட்டால் ஆறு மில்லிமீட்டர், அசல் பைப்பிங்கின் கனம் அப்படியே வந்து விடுகிறது! இந்த ஒரு இடத்தில் கணக்கு நமக்குச் சாதகம். வெள்ளை நூலை டீ டிகாக்ஷனில் பத்து நிமிஷம் போட்டெடுங்கள். பழைய க்ரீம் கலர் வந்துவிடும். புது க்ரீமை விட இதுதான் பொருத்தம், முப்பது வருஷ டாக்ஸியாயிற்றே. காய்ந்ததும் மெழுகுவர்த்தி மேல் இரண்டு தடவை இழுத்தால் பிசிறு அடங்கும். குண்டூசி முனையில் ஃபெவிகால் தொட்டு ஓரத்தில் கோடு மாதிரி வைத்து, நூலை அதன் மேல் படியவிடுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு உடனே ஒட்டுகிற ஃபெவிக்விக் வகைப் பசையை எடுத்து விடாதீர்கள். அந்தப் பசை பஞ்சு, பருத்தி நூல் மேல் பட்டால் சட்டென்று சூடேறும். தோல் பொசுங்குகிற அளவுக்குக்கூடச் சுடலாம். கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் அதன் ஆவி பட்டால் வெள்ளைப் படலம் படியும். விரல்கள் ஒட்டிக் கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் கழுவிக் கொண்டே டாக்டரிடம் போக வேண்டியதுதான், இமையை இழுத்துப் பிரிக்கவே கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வைத்துத் துடைக்கலாம் என்று பக்கத்து வீட்டு யோசனை வரும். அது பசையைக் கரைக்கும், காரையும் சேர்த்துக் கரைக்கும்.

இப்போது விரல் விஷயத்துக்கு வருவோம். ஏழு அங்குலக் காரின் கதவு வழியாக ஓர் ஆண்பிள்ளையின் விரல் உள்ளே போய் சீட்டைத் தடவுவது கஷ்டம். ஆகவே காரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் மேல்பாகத்தை அடிப்பாகத்தோடு இரண்டு மூன்று திருகாணிகள்தான் பிடித்திருக்கும். சீட்டு வேலைக்காக எப்படியும் கழற்றத்தான் போகிறோம். வேலை முடிந்ததும் திருப்பி முடுக்காமல் விட்டு விடுங்கள்! மூடியைத் தூக்கினால் முன் சீட்டும் பின் சீட்டும் பூராவும் விரலுக்கு எட்டும். திருகாணிகளை ஒரு சிமிழில் போட்டுப் பேரக்குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் திருகாணியும் ஆபத்து, கழன்று வரும் சக்கரமும் ஆபத்து. தொண்டையில் சிக்குகிற அளவு.

அந்தச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. வலது பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால், அவர் உட்கார்ந்த இடத்தில் வெல்வெட் படிந்து போயிருந்திருக்கும் இல்லையா? பொடி நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் விட்ட ஃபெவிகால் ஒரு சொட்டை விரல் நுனியில் எடுத்து அந்த இடத்தை மட்டும் லேசாக அமுக்கித் தேயுங்கள். மயிர் படிந்து வழவழப்பாகும். மற்ற இடம் மெத்தென்றும் அந்த இடம் வழவழவென்றும் இருந்தால், கண் தெரியாமலே தன் இடம் எது என்று விரல் கண்டுபிடித்து விடும். பளிச்சென்று புதுசாக நிற்கிற சீட்டு கடைக்காரன் சீட்டு. உட்கார்ந்து தேய்ந்ததுதான் உங்கள் வண்டி என்பது என் அபிப்பிராயம்.

சர்க்கரை உள்ள மற்ற வீடுகளுக்கும் சொல்லி விடுகிறேன். விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது வலி தெரியாது, பார்வையும் உடனே குறையாது. நன்றாகத்தானே தெரிகிறது என்று இருந்து விடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்க்கிற பரிசோதனையைத் தள்ளிப் போட விடாதீர்கள்.

எல்லார் வீட்டு அம்பாசிடரும் வெல்வெட் போட்டதில்லை. ரெக்ஸின் சீட்டு வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கிடைக்கிற மைக்ரோபோர் காகிதப் பிளாஸ்திரியை சீட்டின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, மேலே அக்ரிலிக் பூசுங்கள். அதன் சொரசொரப்பு இந்த அளவில் ரெக்ஸின் மாதிரியே தெரியும். தையல் கோட்டுக்கு ரீஃபில் தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் போதும். உறையின் வடிவம் எடுக்க, பெயிண்ட் கடையில் கிடைக்கிற மாஸ்கிங் டேப்பை சீட்டின் மேல் ஒட்டி, ஓரத்தில் பிளேடால் அறுத்து, உரித்து அட்டையில் ஒட்டிக் கொள்ளுங்கள். ரவிக்கைக்கு மாதிரி எடுக்கிறதை விடச் சுலபம். தையலுக்கு என்று அரை அங்குலம் விட வேண்டாம். உள்ளே மடிக்க இரண்டு மில்லிமீட்டர் விட்டால் சரி.

அரசாங்க வண்டிகளில் சீட்டு மேல் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்களே, அதற்குத் துவாலை வெட்டாதீர்கள். முகம் துடைக்கிற காகித டிஷ்யூவை ஒரே ஓர் அடுக்காகப் பிரித்து, ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து சாய்மானத்தின் மேல் விழவிடுங்கள். தானாக மடிந்து தொங்கும். காய்ந்ததும் ஓரத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு. ஓட்டுநர்கள் போடுகிற மரமணி விரிப்புக்குப் பாசிமணி கோக்கலாமே என்று கேட்பீர்கள். சாதாரணமாகக் கிடைக்கிற சின்னப் பாசியே சுமார் 2 மில்லிமீட்டர், 24-ஆல் பெருக்குங்கள். டிரைவர் எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்த கதைதான்! வண்ணத்தில் நனைத்த குண்டூசித் தலையால் வரிசையாகப் புள்ளி வைத்தால் போதும்.

தரைக்குக் கம்பளம் வேண்டுமானால் வெல்வெட் வேலையையே கம்பளி நூலில் செய்யலாம். இல்லையென்றால் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே முகப்பவுடரைத் தூவி, காய்ந்ததும் உபரியை ஊதாமல் தட்டி எடுத்து, மேலே இன்னொரு கை மெலிதாக வண்ணம் பூசுங்கள். இங்கேயும் குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

திரை மட்டும்தான் பாக்கி. இதற்குப் பருத்தி வேண்டாம். பழைய பட்டுப் புடவையின் உடலில், ஜரிகை இல்லாத நைந்த பகுதி இருக்கும். பட்டு இழை மெல்லியதாகப் படிவதால் நெசவுக் கண் அவ்வளவாகத் தெரியாது. அசல் திரை ஓர் அடி உயரம் என்றால் நமக்கு அரை அங்குலம். அகலத்தை ஜன்னலைப் போல் இரண்டு பங்கு எடுத்து, தண்ணீரான சோற்றுக் கஞ்சியில் நனைத்து, பிழிந்து, சீப்பின் பல் இடுக்குகளில் குண்டூசியால் அமுக்கி அமுக்கி மடிப்பு எடுங்கள். அப்படியே நிழலில் காயட்டும். சீப்பை எடுத்தாலும் மடிப்பு கலையாது. லேஸ் தைக்க முடியாது. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றைப் பிரித்து அடி ஓரத்தில் அலை அலையாக ஒட்டினால் தொலைவுக்கு லேஸ்தான். மேல் ஓரத்துக்கு ஒரு செம்புக் கம்பி, பழைய ஒயரைச் சீவினால் கிடைக்கும். நாற்பது தாண்டியவர்கள் இந்த வேலையை ஜன்னல் வெளிச்சத்தில், படிக்கிற கண்ணாடி போட்டுக் கொண்டு செய்யுங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தெருவைப் பார்த்து விட்டு வாருங்கள்.

கஞ்சி இருக்கிற இடத்துக்குக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். அதற்காக ஷோகேஸில் பாச்சை உருண்டை போட்டு விடாதீர்கள். அந்த ஆவியில் சில வகை மாடல் பிளாஸ்டிக் இளகிப் பிசுபிசுத்துப் போகும். நாஃப்தலீன் உருண்டை குழந்தைத் துணி இருக்கிற அலமாரிக்கும் ஆகாது. பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைகள் அந்தத் துணியைப் போட்டுக் கொண்டால் ரத்த அணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வருவதுண்டு. அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. காருக்குக் கண்ணாடிக் கதவு இடைவெளி இல்லாமல் மூடினால் போதும். நாலு காய்ந்த வேப்பிலை வைத்து, மாதம் ஒரு தரம் மாற்றுங்கள்.